பள்ளிக் கதவைத் திறந்த சிறு தேர்தல்

(ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் கமக்காரர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேர்தல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பாராளுமன்றத் தேர்தல் ஒன்றுதான். அதற்கு மேடை போடுகின்றோம், கொடி கட்டுகின்றோம், இரவிரவாக விழித்திருந்து முடிவு கேட்கின்றோம். சிறு தேர்தல்களையோ சிறிதாகவே எண்ணுகின்றோம். கூட்டுறவுச் சங்கத்துக்கு நிர்வாக சபை தெரிய வேண்டுமென்றால், "யாரோ இருந்துவிட்டுப் போகட்டும்" என்று வீட்டிலிருக்கின்றோம். கமக்காரர் சங்கக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வரவேண்டிய இடத்தில் எட்டுப் பேரே வருகின்றோம். அந்த எட்டுப் பேர் எடுத்த தீர்மானப்படி வாய்க்காலில் நீர் திறக்கப்பட்டு, நமது வயலுக்குரிய முறை தப்பிய பின்னரே, "போயிருக்கலாமே" என்று வருந்துகின்றோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு சிறு தேர்தலைப் பற்றியே. அது நடந்தது அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஆர்க்கன்சோ மாநிலத்தில், ஆண்டு 1959. போட்டிக்குரியவை ஒரு பாடசாலைச் சபையின் ஆறு ஆசனங்கள். ஆயினும், ஆளுநரும் நீதிமன்றமும் சனாதிபதியும் இராணுவமும் இரண்டாண்டு காலம் மோதி முடிக்காத வழக்கொன்றின் போக்கை அந்த ஆறு ஆசனங்களே திருப்பின. எப்படித் திருப்பின என்பதைச் சொல்வதே நமது நோக்கம்.

பாடசாலைச் சபை என்பது என்ன?

முதலில் ஒன்றை விளக்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் பாடசாலையை நடத்துவதற்கென ஊரார் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவதில்லை. ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் மேலிடத்திலிருந்து வருபவை. அமெரிக்காவில் முறை வேறு. அங்கு மாநிலங்கள் கவுண்டி எனப்படும் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நமது மாவட்டத்தைப் போன்றவை என்று கொள்ளலாம். அவற்றினுள்ளே பாடசாலைப் பிரிவுகள் உண்டு. பெரும்பாலான பிரிவுகளில் ஊரார் தாமே வாக்களித்துச் சபையைத் தெரிகின்றனர். அச்சபையே ஆசிரியரை நியமிக்கின்றது; விலக்குகின்றது; பிள்ளைகள் எப்பள்ளிக்குச் செல்வதெனத் தீர்மானிக்கின்றது; ஊராரின் காணிக்கும் வீட்டுக்கும் விதிக்கப்படும் வரிப்பணத்தைச் செலவிடுகின்றது. பெரும்பாலும் சம்பளமில்லாத பதவி. பெரிய அரசியல்வாதிகள் அதனை நாடுவதில்லை. வாக்காளரும் அதனைப் பொருட்படுத்துவது குறைவு.

ஆர்க்கன்சோவின் தலைநகரான லிற்றில் றொக், புலாஸ்கி கவுண்டியில் உள்ளது. அந்நகரின் பாடசாலைச் சபையில் அக்காலத்தில் அங்கத்தவர் அறுவர். அறுவரும் வெள்ளையர். கறுப்பின மக்களின் பிள்ளைகளும் அதே சபையின் கீழேதான் படித்தனர். ஆனால் தனிப் பள்ளிகளில்.

தீர்ப்பு வந்தது, பள்ளி மூடப்பட்டது

1954 மே மாதம் 17ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தின்படி பிள்ளைகளைப் பிரித்துப் படிப்பிப்பது அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. லிற்றில் றொக் சபை அத்தீர்ப்புக்கு அமைவதாகக் கூறி, மிக மெதுவாக நடைபெறவேண்டிய ஒரு திட்டத்தை வகுத்தது. 1957 செப்டெம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்றல் உயர்தரப் பள்ளியில் சேர வந்தனர். ஆளுநர் ஓர்வல் போபஸ் மாநிலக் காவற்படையை நிறுத்தி அவர்களை வாயிலில் மறித்தார். கும்பல் திரண்டது. சனாதிபதி ஐசன்ஹோவர் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். துவக்கேந்திய படையினர் நடுவே பிள்ளைகள் ஒன்பதின்மரும் வகுப்புக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான ஏணஸ்ற் கிறீன், 1958 மே மாதத்தில் அப்பள்ளியின் சான்றிதழைப் பெற்ற முதற் கறுப்பின மாணவரானார்.

இத்துடன் கதை முடிந்ததென உலகம் எண்ணியது. உண்மையில், இதற்குப் பின்னர் நடந்ததே நமக்குப் பாடம்.

1958 ஓகஸ்டில் மாநிலச் சட்டசபை விசேடமாகக் கூடி, பள்ளிகளை மூடும் அதிகாரத்தை ஆளுநருக்கு வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டெம்பர் 12ஆம் திகதி உச்ச நீதிமன்றம், எதிர்ப்பைக் காரணங் காட்டித் திட்டத்தை ஒத்திவைத்தலாகாது எனத் தீர்ப்புக் கூறியது. அன்றே ஆளுநர் அச்சட்டங்களிற் கையொப்பமிட்டு, நகரின் நாலு உயர்தரப் பள்ளிகளையும் மூடக் கட்டளையிட்டார். கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளியும் அவற்றுள் ஒன்று. சில பிள்ளைகள் உள்ளே வரலாகாது என்பதற்காக எல்லாப் பிள்ளைகளும் வெளியே நிறுத்தப்பட்டனர். வேலிச் சண்டைக்காகக் கிணற்றைத் தூர்ப்பாருண்டா? லிற்றில் றொக்கில் அதுவே நடந்தது.

செப்டெம்பர் 27ஆம் திகதி இதுபற்றி மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. கேள்வி தந்திரமாகவே அமைக்கப்பட்டிருந்தது: பாடசாலைப் பிரிவிலுள்ள எல்லாப் பள்ளிகளிலும் இரு இனத்தாரும் கலந்து படிப்பதற்குச் சம்மதமா, இல்லையா என்பதே அது. சம்மதமில்லை என்றோர் 19,470 பேர். சம்மதம் என்றோர் 7,561 பேர். பெரும்பான்மையோர் வாக்களித்துச் சிறுபான்மையோரின் உரிமையைப் பறித்தால் அது நியாயமாகிவிடுமா? இக்கூட்டத்தில் இருப்போருக்கு அந்தக் கேள்வியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாறு 3,665 மாணவர்கள் பள்ளியிழந்தனர். ஆசிரியர்களோ ஒப்பந்தப்படி தினமும் வந்து வெறும் வகுப்பறைகளில் அமர்ந்திருந்தனர். வேடிக்கை யாதெனில், படிப்பு நின்ற அப்பள்ளியின் பந்தாட்டம் நிற்கவில்லை. அந்த மாரி வருமுன் அதன் அணி வழக்கம்போல் விளையாடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கென ஒரு தனியார் பள்ளி திறக்கப்பட்டது. பலர் அயலூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவ்வித வசதி இல்லை. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அவ்வாண்டு எங்குமே படிக்கவில்லை. இழந்த ஆண்டு என்றே அந்நகரத்தார் அதனை இன்றும் அழைக்கின்றனர். ஒரு போகம் தவறினால் மறுபோகம் விதைக்கலாம். பதினாறு வயதில் தவறிய படிப்பை எந்தப் போகத்தில் விதைப்பது?

பெண்கள் எழுந்தனர்

பள்ளிகள் மூடப்பட்ட அதே வாரத்தில், செப்டெம்பர் 16ஆம் திகதி, ஒரு வீட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் கூடினர். வீட்டுக்காரி அடோல்பின் பிளெச்சர் ரெறி அம்மையார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. அவர் தந்தையார் உள்நாட்டுப் போரில் தென்னகப் படையிற் பணிபுரிந்தவர். அந்த வீட்டிலே, பள்ளிகளைத் திறப்பதற்கான பெண்களின் அவசரக் குழு பிறந்தது. தலைமையை விவியன் புரூவர் அம்மையார் ஏற்றார்.

பதினொரு நாளில் வந்த செப்டெம்பர் வாக்கெடுப்பில் அவர்கள் தோற்றனர். இரண்டரைக்கு ஒன்றளவு பின்னடைவு. அத்துடன் கலைந்திருந்தால் அவர்களைப் பற்றி இன்று பேச எதுவுமில்லை. அவர்கள் கலையவில்லை. அங்கத்தவர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. பெயர்ப்பட்டியலை இரகசியமாக வைத்திருந்தனர். ஏனெனில், பெயர் வெளிவந்தால் கணவனின் தொழில் போகும், கடைக்கு ஆள் வராது என்ற அச்சம் நியாயமான அச்சமாயிருந்தது.

ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அக்குழு கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தாங்கள் பேசுவது பள்ளிகளைத் திறப்பது பற்றியே, இனங்கள் கலப்பது பற்றியன்று எனப் பகிரங்கமாகக் கூறியது. வெள்ளை வாக்காளர் மிரண்டுவிடுவர் என்பதே அவர்கள் கூறிய காரணம். இக்குறையை மனத்தில் வைத்துக்கொள்வோமாக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இழுபறிச் சபை

1958 நவெம்பரில் பழைய சபையின் ஆறு அங்கத்தவருள் ஐவர், நீதிமன்றம் ஒருபுறமும் ஆளுநர் மறுபுறமும் இழுக்க, செய்வதறியாது பதவி துறந்தனர். டிசெம்பரில் புதிய சபைக்குத் தேர்தல் நடந்தது. இனப்பிரிவினையை எவ்விலை கொடுத்தும் காப்போம் என்போர் மூவரும், சட்டத்துக்கு அமைந்து பள்ளிகளைத் திறக்கலாம் என்போர் மூவரும் தெரிவாகினர். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் உழவு எப்படி நடக்கும்? அவ்வாறே ஐந்து மாதம் சபை நகராதிருந்தது.

1959 மே 5ஆம் திகதி கூட்டம் கூடிற்று. அடுத்த ஆண்டுக்கு ஆசிரியர் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் வேலை. மூன்றுக்கு மூன்று என வாக்குகள் முட்டி நின்றன. மிதவாதிகள் மூவரும், இனிக் கோரம் இல்லை எனக் கூறி வெளியேறினர். எஞ்சிய மூவர் கலையாமலிருந்து, 44 பேரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை எனத் தீர்மானித்தனர். அவர்களுள் அதிபர்கள் இருந்தனர், நீண்டகாலம் பணிபுரிந்த ஆசிரியர்கள் இருந்தனர், எழுதுவினைஞரும் இருந்தனர். வெள்ளையரும் கறுப்பரும் இருந்தனர். விளக்கம் கேட்கப்படவில்லை, விசாரணை நடக்கவில்லை. இனக்கலப்புக்கு அனுதாபம் காட்டினர் என்ற சந்தேகமே குற்றமாயிற்று.

பெரியோர்களே, இங்கேதான் காற்றுத் திரும்பியது. கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியிழந்தபோது அசையாத பல வீடுகள், தங்கள் பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியை விலக்கப்பட்டபோது அசைந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கண்டித்தன. வர்த்தகரும் வழக்கறிஞரும் வைத்தியரும், அதுவரை வாயடைத்திருந்தோர், வெளியே வந்தனர். நகருக்கு வரவேண்டிய தொழில்கள் வராது போனமையும் அவர்களைச் சிந்திக்க வைத்தது. சில நாட்களில் ஓர் இயக்கம் அமைந்தது. இந்த அநியாயக் களையெடுப்பை நிறுத்து என்பதே அதன் பெயரின் பொருள். அந்த மூவரையும் பதவியிலிருந்து திருப்பியழைக்க வாக்கெடுப்பு வேண்டுமெனக் கையொப்பம் திரட்டினர். எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. பிரிவினைப் பள்ளிகளைக் காக்கும் குழுவென ஒன்றை அமைத்து, மிதவாதிகள் மூவரையும் அவ்வாறே திருப்பியழைக்கக் கையொப்பம் திரட்டியது. ஆக, ஆறு அங்கத்தவரின் தலைவிதியும் ஒரே நாளில் மக்கள் கையில் வந்தது.

வாக்கு எப்படி விளைந்தது?

வாக்களிப்பு நாள் மே 25. இடையில் மூன்று வாரமும் இல்லை. மேடைப் பேச்சாளர் ஆண்களாயிருந்தனர். வேலை செய்தோர் பெரும்பாலும் அந்தப் பெண்களே. அவர்களிடம் எட்டு மாதமாகத் தொகுத்த பட்டியல் இருந்தது. வட்டாரம் வட்டாரமாக வாக்காளர் இடாப்பை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் மூன்று வகையாகப் பிரித்தனர். நம்மோடு நிற்பவர் புண்ணியர். எதிரே நிற்பவர் பாவிகள். இடையே தளம்புவோர் மீட்கத்தக்கவர். பாவிகளிடம் போய் நேரத்தை வீணாக்கவில்லை. மீட்கத்தக்கவரிடம் வீடு தேடிச் சென்று பேசினர். புண்ணியரைத் தொலைபேசியில் அழைத்து, வாக்களிப்பு நாளில் வாகனத்தில் ஏற்றி அழைத்துச் சென்றனர். நம்முடைய கமக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் எந்தப் பாத்தி விளையும், எதற்கு நீர் வேண்டும், எது உவர்நிலம் என்று அறியாமல் எவர் பயிர் செய்வார்?

மற்றுமொரு செய்தி. அக்காலத்தில் ஆர்க்கன்சோவில் வாக்களிக்க ஆண்டுக்கு ஒரு டொலர் தலைவரி முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். ஏழைக்கு அது சிறுதொகையன்று. அந்தத் தலைவரி அங்கு 1964இலேயே ஒழிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் பலர், தங்களுக்கு ஓர் ஆசனமேனும் இல்லாத சபைக்காக, அந்த வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தனர்.

மே 25 மாலை வாக்குகள் எண்ணப்பட்டன. ஆளுநரின் ஆதரவு பெற்றிருந்த பிரிவினைவாதிகள் மூவரும் நீக்கப்பட்டனர். மிதவாதிகள் மூவரும் நிலைத்தனர். வித்தியாசம் பெரிதன்று, இரு பக்கமும் ஏறத்தாழச் சமபலமே. இனி, அந்த வெற்றியின் கணக்கைப் பாருங்கள். வசதிபடைத்த வெள்ளையர் வாழ்ந்த வட்டாரங்களும் கறுப்பின மக்களின் வட்டாரங்களும் ஒரு பக்கம் வாக்களித்தன. கறுப்பினத்தாரின் வாக்கு இல்லையெனின் வெற்றி இல்லை. குழுவில் இடம் பெறாதவர்கள், மேடையில் ஏற்றப்படாதவர்கள், பெயரைச் சொல்லவும் மற்றையோர் தயங்கியவர்கள், அவர்களே தராசை வெற்றியின் பக்கம் சாய்த்தனர்.

நீதிமன்றமும் வாக்குச்சீட்டும்

வெற்றிடமான மூன்று ஆசனங்களைப் புலாஸ்கி கவுண்டியின் கல்விச் சபை, மிதவாதிகளைக் கொண்டே நிரப்பியது. விலக்கப்பட்ட ஆசிரியர்களை மீண்டும் ஏற்கப் புதிய சபை முன்வந்தது. யூன் 18ஆம் திகதி கூட்டாட்சி நீதிமன்றம், பள்ளிகளை மூடிய சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி, வழக்கத்துக்கு முன்னதாகவே, பள்ளிகள் திறந்தன. அன்றும் ஒரு கும்பல் ஊர்வலமாக வந்தது. நகரப் பொலிசாரே அதைத் தடுத்தனர்; தீயணைப்புப் படையினர் நீர் பாய்ச்சினர். வான்வழிப் படை வரவேண்டியிருக்கவில்லை.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வாக்குச்சீட்டு மாத்திரமே பள்ளியைத் திறந்தது என்று சொல்லமாட்டோம். அது உண்மைக்கு மாறு. சட்டத்தை அகற்றியது நீதிமன்றம். ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகள் 1954இலும் இருந்தன, 1958இலும் இருந்தன. அவற்றை நிறைவேற்ற மனமுள்ள சபை ஊரில் இருக்கவில்லை. மே 25ஆம் திகதி வாக்காளர் செய்தது அதுதான்: தீர்ப்பு வந்து சேரும்போது அதை ஏற்று நடத்தத் துணிந்தவர்களை ஆசனத்தில் இருத்தினர். மடையைத் திறக்க மேலிடத்திலிருந்து கட்டளை வரலாம்; வயலில் நின்று வரம்பை வெட்ட ஊரில் ஒருவன் வேண்டும்.

வெற்றியின் குறை

இனி, முன்னர் மனத்தில் வைக்கச் சொன்ன குறைக்கு வருவோம். பள்ளிகள் திறந்தபோது வெள்ளையர் படித்த பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் மிகச் சிலரே. சபை, தீர்ப்பின் எழுத்துக்கு அமைந்தது. உட்பொருளை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டது. ஒன்பது மாணவருக்கும் தாயைப்போல் நின்ற டெய்சி பேற்ஸ் அம்மையாரும் அவர் கணவரும் நடத்திய பத்திரிகை, விளம்பரங்கள் நிறுத்தப்பட்டமையால் 1959 ஒக்ரோபரில் நின்றது. 1959 செப்டெம்பரில் பாடசாலைச் சபையின் அலுவலகத்துக்கே வெடி வைக்கப்பட்டது.

வாக்குக் கொடுத்தவர்கள் பங்குக்கு வந்தபோது, பந்தியின் கடைசியிலேயே இருத்தப்பட்டனர். ஏன்? போராட்டத்தில் அவர்களது கோரிக்கை மேடையில் வைக்கப்படவேயில்லை. ஆசிரியர்களுக்கு நீதி என்பதே முழக்கம். அந்த முழக்கம் வென்றது. முழக்கத்தில் இல்லாதது கிடைக்கவில்லை. கூட்டுச் சேர்வது தவறன்று; கூட்டில்லாமல் அந்த மே மாதத்தில் எதுவும் நடந்திராது. ஆனால் கூட்டுச் சேருமுன், தன் கோரிக்கையை எழுத்தில் வைத்தவனே அறுவடையில் பங்கு கேட்கலாம். குத்தகைக்கு வயல் செய்பவருக்கு இதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பின்னரும் ஒரு செய்தி. 2015 சனவரியில், சில பள்ளிகளின் பெறுபேறுகள் தாழ்ந்தமையைக் காரணங் காட்டி, ஆர்க்கன்சோ மாநிலக் கல்விச் சபை லிற்றில் றொக் பாடசாலைப் பிரிவைத் தன் பொறுப்பில் எடுத்து, தெரிவு செய்யப்பட்ட சபையைக் கலைத்தது. அப்போது அந்நகரில் கறுப்பின மாணவரே பெருந்தொகையினர். மீண்டும் தங்கள் சபையைத் தாமே தெரியும் உரிமை வேண்டுமென ஊரார் ஆண்டுகளாக வாதாடினர். 2020 நவெம்பரிலேயே மறுபடியும் வாக்களித்தனர். கையில் இருக்கும்போது அற்பமாகத் தோன்றும் உரிமை, பறிபோன மறுநாள் எவ்வளவு பெரிதாகிவிடுகின்றது!

நாம் கொள்ளவேண்டியவை

உத்தியோகத்தர்களே, கமக்காரச் சகோதரர்களே, இக்கதையிலிருந்து மூன்றை நாம் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: பெரிய வழக்குகள் பெரிய மன்றங்களில் ஆரம்பமாகலாம், அவை நிறைவேறுவதோ சிறு சபைகளில். அந்தச் சபையில் இருப்பவர் யார் என்று கேளாதிருப்பது, உறுதியை எழுதுவித்துவிட்டுக் காணியைப் பார்க்கப் போகாதிருப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டு: தோல்வி கண்ட பட்டியலே வெற்றிக்கு விதைநெல். செப்டெம்பரில் தோற்ற அந்தப் பெண்கள் மே மாதத்தில் வென்றது, இடையிலிருந்த எட்டு மாதமும் பெயர்களைக் குறித்துக்கொண்டே இருந்தமையால். ஆரவாரம் தேர்தலுக்கு முந்திய வாரத்தில் வரும். வேலை தோற்ற மறுநாளே தொடங்கவேண்டும்.

மூன்று: கற்றோர் வாய்மூடியிருந்தால் ஊர் கெடும். லிற்றில் றொக்கின் வழக்கறிஞரும் வைத்தியரும் வர்த்தகரும், ஏழைப் பிள்ளைகளுக்கு அநீதி நடந்தபோது பேசியிருந்தால், 3,665 பிள்ளைகளின் ஓராண்டு போயிராது. தங்கள் வீட்டு வாசலுக்கு நெருப்பு வந்த பின்னரே நீர் சுமந்தனர். அயலான் கூரை எரியும்போதே எழுபவன்தான் ஊரைக் காப்பவன்.

அடுத்த முறை நமது ஊரில் ஒரு சிறு கூட்டத்துக்கு அறிவித்தல் வந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கமாயினும் கமக்காரர் சங்கமாயினும், "யாரோ இருக்கட்டும்" என்று நாம் வீட்டில் இராதிருப்போமாக. அந்த "யாரோ" என்பவர் ஒருநாள் நம் பிள்ளையின் பள்ளிக் கதவுக்குத் திறப்பு வைத்திருப்பார்.